நாலு வருடமாகக் கரையாத ‘கல்’: ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த அம்மாவின் மஞ்சப்பையில் ஐந்து ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் இருந்தன. ஐந்திலும் ஒரே வரி: வலது சிறுநீரகத்தின் நடுப்பகுதியில் கல். அளவு மட்டும் 6 மி.மீ., 7 மி.மீ., மறுபடி 6, அப்புறம் 7, கடைசியில் 8 என்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஐந்தில் இரண்டாவதன் அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது. அது கல்லே இல்லை என்று ஆறாவது பரிசோதனையில்தான் தெரியவந்தது, அதைப் படித்ததும் நான்தான். அடுத்தவர் தப்பைப் பற்றி எழுதுவதைவிட இது கொஞ்சம் கூச்சமான வேலை, ஆனால் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. அவரிடம் கேட்டுவிட்டு, ஆளை அடையாளம் காணக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வயது 44. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அதாவது காலையிலிருந்து சாயங்காலம் வரை மேஜைமுன் நின்றபடி துணியில் ஓட்டை, கறை, தையல் பிசகு பார்க்கிற வேலை. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, இரண்டு பிரசவமும் சிக்கல் இல்லாமல் நடந்தவை. நாலு வருடத்துக்கு முன்னால் வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக ஒரு வலி ஆரம்பித்திருக்கிறது. சாயங்காலம் அதிகமாகும், ஞாயிற்றுக்கிழமை குறையும். கம்பெனியில் அடிக்கடி எழுந்து பாத்ரூம் போக முடியாது என்பதால் தண்ணீரும் அளவாகத்தான் குடிப்பார். முதுகுப் பக்கம் வலி, தண்ணீர் குடிப்பதில்லை, இதற்கு மேல் கிட்னி கல் என்று சந்தேகப்பட வேறு என்ன வேண்டும்? முதல் ஸ்கேன் எடுத்தார்கள், வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது, கல் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டில் தக்காளியும் பாலக்கும் நின்றுபோய், வாழைத்தண்டு ஜூஸ் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு வருடம் கழித்து என்னிடம் வந்தார். வந்தபோதே பழைய ரிப்போர்ட்டை நீட்டி, “கல் பெருசாயிருக்குதுங்களா, கரைஞ்சிருக்குதுங்களான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டர்” என்றார். இந்தக் கேள்வியில்தான் வினையே இருக்கிறது என்று இப்போது புரிகிறது. அவர் கேட்டது ‘இது என்ன’ என்று இல்லை, ‘எவ்வளவு’ என்று. நானும் எவ்வளவு என்றுதான் பார்த்தேன். புரோபை வைத்தேன், வெள்ளைப் புள்ளி கிடைத்தது, இரண்டு பக்கமும் குறி வைத்து அளந்தேன், 7 மி.மீ. என்று வந்தது, எழுதிக் கொடுத்தேன். மொத்தமாக நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். வெளியே இன்னும் பத்துப் பேர் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த மூன்று வருடம் வேறு வேறு இடங்கள், வேறு வேறு டாக்டர்கள். இடையில் ஒருவர் நியாயமாகவே வயிற்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. கால்சியம் கலந்த கல் 7 மி.மீ. இருந்தால் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். தெரியாவிட்டால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, அது யூரிக் ஆசிட் கல், அந்தக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது. இன்னொன்று, அங்கே கல்லே இல்லை. எல்லோரும் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். யூரிக் ஆசிட் கல் சிறுநீரைக் காரமாக்கினால் கரையும் என்பதால் ‘கல் கரையிற சிரப்’ ஒன்று எழுதிக் கொடுக்கப்பட்டது. மருந்தின் தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை, கல் இருந்திருந்தால்.

அவர் கையில் இருந்த மற்ற முடிவுகளைப் பிறகு நிதானமாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே பக்கமாகக் கை காட்டிக்கொண்டிருந்தன. சிறுநீர்ப் பரிசோதனை மூன்று தடவை செய்திருக்கிறார், மூன்றிலும் ரத்த அணுக்கள் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. சிறுநீரின் அமிலத்தன்மை எண் 6.5, யூரிக் ஆசிட் கல் வருபவர்களுக்கு அது பொதுவாக 5.5க்குக் கீழே இருக்கும். ரத்தத்தில் யூரிக் ஆசிட் சாதாரணம், கிரியாட்டினின் சாதாரணம். சிறுநீரகத்தில் வீக்கம் ஒருமுறைகூடக் கிடையாது. வலியும் கல் வலி மாதிரி இல்லை. கல் நகர்ந்து குழாயை அடைத்தால் மனிதர் உட்கார முடியாமல், படுக்க முடியாமல், தரையில் புரண்டு வாந்தி எடுப்பார். இவருக்கு நாலு வருடமாக நின்றால் வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது. சிறுநீரகத்துக்குள் அசையாமல் கிடக்கும் ஒரு சின்னக் கல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுக்காது. இது எதையும் நான் அன்று கேட்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசி ஸ்கேனில் 8 மி.மீ. என்று வந்ததும், இவ்வளவு நாள் கரையாத கல்லை இனி உடைத்துவிடலாம் என்று யூராலஜிஸ்ட் ஒருவரிடம் அனுப்பினார்கள். அதிர்வலை கொடுத்து வெளியிலிருந்தே கல்லை உடைக்கிற முறை, நம்மூரில் ‘ஷாக் வேவ்’ அல்லது ‘லேசர்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள் (லேசர் வேறு, இது வேறு). 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்யப்பட்டது; விமானம் செய்கிற டோர்னியர் கம்பெனியின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கருவி. அந்த யூராலஜிஸ்ட் பழைய பழக்கக்காரர். ஷாக் வேவுக்கு முன்னால் கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாத ஒரு சி.டி. எடுக்காமல் யாரையும் மேஜையில் படுக்க வைக்க மாட்டார். கல் எவ்வளவு கெட்டி, தோலிலிருந்து எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்காக எடுப்பது. அந்தப் பிடிவாதம்தான் இந்த அம்மாவைக் காப்பாற்றியது. அவர் எங்கள் சென்டருக்கு அனுப்பினார்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். படங்களை மேலிருந்து கீழே ஓட்டினேன். வலது சிறுநீரகம் சுத்தமாக இருந்தது. சி.டி.யில் கல் ஒளிந்துகொள்வது ரொம்ப அபூர்வம். எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் ஆசிட் கல்கூட சி.டி.யில் வெள்ளையாக மின்னும். மேலே, நடுவே, கீழே, குழாய் முழுக்க, மூத்திரப்பை வரை பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. ‘கல் காணப்படவில்லை’ என்று பாதி டைப் பண்ணிவிட்டேன். கல் தானாக வெளியே போய்விட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டு முடித்திருக்கலாம், அவரும் வாழைத்தண்டுக்கு நன்றி சொல்லியிருப்பார். கையை நிறுத்தியது ஒரே ஒரு விஷயம்தான். பையில் இருந்த கடைசி ரிப்போர்ட்டுக்கு வயது பன்னிரண்டு நாள். அதில் 8 மி.மீ. என்று இருந்தது. சிறுநீர்க்குழாயின் உள்விட்டம் 3, 4 மி.மீ.தான். அதன் வழியே 8 மி.மீ. கல் போனால் தெருவே எழுந்து உட்காரும்.

டெக்னீஷியனை அனுப்பிப் பார்த்தேன். அந்த அம்மா இன்னும் வெளியே மகளோடு டீ குடித்துக்கொண்டுதான் இருந்தார்.

“இந்தப் பத்து நாள்ல ரொம்ப வலி வந்துச்சுங்களாம்மா? ஒண்ணுக்குப் போறப்ப எதாச்சும் விழுந்துச்சுங்களா?”

“இல்லீங்களே. எப்பவும் இருக்கிற வலிதானுங்க. ஏனுங்க, ரொம்பப் பெருசாயிருச்சுங்களா?”

திரும்ப வந்து உட்கார்ந்தேன். இந்தத் தடவை கல்லைத் தேடாமல், அந்த இடத்தைத் தேடினேன். கல் தேடும்போது நாம் வெள்ளையைத் தேடுகிறோம், கண் கறுப்பைத் தாண்டிப் போய்விடும். வலது சிறுநீரகத்தின் நடுவில், வெளிப்பட்டைத் தசையில், மையத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக, சாம்பல் நிறத் திசுவுக்குள் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு, அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அந்த அலகைச் சொல்வார்கள். தண்ணீர் பூஜ்ஜியம், காற்று மைனஸ் 1000, சிறுநீரகத் தசை 30லிருந்து 40 வரை, கல் சில நூறுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேல். பூஜ்ஜியத்துக்குக் கீழே, அதுவும் மைனஸ் 10க்கும் கீழே போனால் அது கொழுப்பு. புள்ளியின் மேல் சின்ன வட்டம் போட்டு அளந்தேன். மைனஸ் 8 என்றது.

மைனஸ் 8 என்பது இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, நான் பார்த்துக்கொண்டிருப்பது 5 மி.மீ. தடிமன் வெட்டுகள். புள்ளியே 8 மி.மீ.தான். தடித்த வெட்டில் கொழுப்பும் பக்கத்துத் தசையும் கலந்து சராசரி ஆகிவிடும், மோரில் தண்ணீர் கலந்த மாதிரி. அதே தரவை 1.25 மி.மீ. மெல்லிய வெட்டுகளாகத் திரும்ப அமைக்கச் சொன்னேன். இதற்காக மறுபடி படம் எடுக்க வேண்டியதில்லை, கணினியில் இரண்டு நிமிட வேலை. இப்போது வட்டம் போட்டால் மைனஸ் 52. சந்தேகமே இல்லாத கொழுப்பு. சுண்ணாம்புப் படிவு துளிகூட இல்லை. சிறுநீரகத் தசைக்குள் இப்படிக் கொழுப்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன உருண்டைக்கு நடைமுறையில் ஒரே பெயர்தான்: ஆஞ்சியோமையோலிபோமா. ரத்தக்குழாய், மென்தசை, கொழுப்பு மூன்றும் சேர்ந்து முளைத்த, புற்றல்லாத ஒரு கட்டி.

அவரை உள்ளே கூப்பிட்டு ஜெல் தடவித் திரும்பவும் அல்ட்ராசவுண்டு போட்டேன். கல்லாகப் பார்த்தபோது கல்லாகத் தெரிந்த அதே புள்ளி, அதே பளீர் வெள்ளை. நீளவாக்கில் பார்த்தால் அது சிறுநீர் சேரும் கிண்ணத்தின் நுனியில் உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தது, கல் இருக்க வேண்டிய சரியான இடம். புரோபை அப்படியே கால் வட்டம் திருப்பிக் குறுக்குவாக்கில் பார்த்தால் புள்ளி கிண்ணத்தை விட்டு விலகித் தசைக்குள் போய்விட்டது. கல் சிறுநீர் ஓடும் பாதையில்தான் உருவாகும், தசைக்குள் அதற்கு வேலை இல்லை. கையைக் கால் வட்டம் திருப்ப எத்தனை நொடி ஆகும்? மூன்று வருடத்துக்கு முன்னால் சேமித்து வைத்த என் படங்களை எடுத்துப் பார்த்தேன். நீளவாக்குப் படம் மட்டும்தான் இருந்தது.

நிழலும் இல்லை. கல் ஒலியை முழுசாகத் தடுத்துவிடும், அதனால் அதன் பின்னால் கறுப்பாக ஒரு கோடு விழும், டார்ச் வெளிச்சத்தில் கம்பத்தின் நிழல் மாதிரி. மூன்று நாலு மில்லிமீட்டர்க் கல்லுக்கு நிழல் விழாமல் போகலாம், ஆனால் 7, 8 மி.மீ.க்கு விழ வேண்டும். (ஆஞ்சியோமையோலிபோமாவுக்கும் சில சமயம் மங்கலாக ஒரு நிழல் விழுவதுண்டு, அதனால் நிழலை மட்டும் நம்பியும் முடிவு கட்ட முடியாது.) கடைசியாகக் கலர் டாப்ளரைத் தட்டினேன், ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டுகிற வசதி அது. கல்லாக இருந்தால் அதன் பின்னால் சிவப்பும் நீலமும் கலந்து படபடவென்று மின்னும், தீபாவளி மத்தாப்பு மாதிரி. அங்கே ரத்தம் ஓடுவதால் வருவதில்லை, கல்லின் சொரசொரப்பில் ஒலி சிதறுவதால் வருகிற பொய்த் தோற்றம். 1996-ல் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள், இன்றைக்கு எல்லா மெஷினிலும் பார்க்கலாம். இவருக்கு மத்தாப்பு எரியவில்லை. எல்லாக் கல்லுக்கும் எரியாது என்றாலும், நிழலும் இல்லை, மின்னலும் இல்லை, இடமும் சரியில்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தபிறகு கல் என்ற வார்த்தையைப் பிடித்துத் தொங்க ஒன்றும் மிச்சமில்லை.

ஏன் கொழுப்பு அல்ட்ராசவுண்டில் இவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்று பலர் கேட்பார்கள். படத்தில் வெள்ளை என்றால் கெட்டி என்று அர்த்தமில்லை. ஒலி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஒலி ஒரு திசுவிலிருந்து வேறு மாதிரித் திசுவுக்குள் நுழையும் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் திரும்பும். ஆஞ்சியோமையோலிபோமாவுக்குள் கொழுப்பும் தசையும் ரத்தக்குழாயும் பொடிப்பொடியாகக் கலந்து கிடப்பதால் எல்லைகள் ஏராளம், ஒவ்வொன்றிலும் ஒலி திரும்பித் திரும்பி வந்து படம் வெளுத்துப்போகிறது. சிறுநீரகத்தின் மையத்தில் இயல்பாகவே கொழுப்பு இருப்பதால் அந்த இடமும் வெள்ளைதான். அதில் ஒரு சின்னக் கல்லைத் தேடுவது தயிருக்குள் விழுந்த தேங்காய்த் துருவலைத் தேடுவது மாதிரி. வெள்ளைக்குள் வெள்ளை. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பு, பழைய தழும்பு, கொஞ்சம் தூக்கலான கொழுப்பு என்று எத்தனையோ அப்பாவிகள் தினமும் 3 மி.மீ. கல், 4 மி.மீ. கல் என்று ரிப்போர்ட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அவரிடம் எப்படிச் சொல்வது? ‘கட்டி’ என்ற வார்த்தையைத் தமிழில் சொன்ன உடனே எதிரில் இருப்பவர் காதில் புற்றுநோய் என்றுதான் விழும். ‘கொழுப்புக் கட்டி’ என்றேன். மகள் முகம் மாறியது, ஆனால் அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்க மாமனாருக்குத் தோள்ல உருண்டையா இருக்குமே, அந்த மாதிரிங்களா?” என்றார். முக்கால்வாசி அந்த மாதிரிதான், ஆனால் இதில் ரத்தக்குழாயும் இருக்கிறது, அதனால் ரொம்பப் பெரிதாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அப்புறம் முக்கியமானதைச் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்னால் இதைக் கல் என்று எழுதியவர்களில் நானும் ஒருவன், அது தப்பு. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அப்ப நாலு வருசமா நான் தக்காளி திங்காம இருந்தது?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் அளவைத் திரும்பவும் ஒருமுறை சரிபார்ப்பது மாதிரி ஸ்க்ரீனைப் பார்த்தேன்.

ஷாக் வேவ் ரத்தானது. அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் உதறுகிறது. நல்ல சிறுநீரகத்தில் நிஜக் கல்லுக்கு அதிர்வலை கொடுக்கும்போதே சிலருக்குச் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவதுண்டு. ஆஞ்சியோமையோலிபோமாவின் ரத்தக்குழாய்கள் தடிமனாக இருந்தாலும் அவற்றில் மீள்தன்மை தரும் படலம் சரியாக இருக்காது, அதனால் அவை பலூன் மாதிரிப் புடைத்துக்கொள்ளும், சில சமயம் வெடிக்கும். 8 மி.மீ. கட்டி நிச்சயம் வெடித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் உடைப்பதற்குக் கல்லே இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான அதிர்வுகளை வாங்கிக்கொண்டு, அடுத்த ஸ்கேனில் ‘கல் உடையவில்லை’ என்று எழுதப்பட்டு, இரண்டாவது தடவைக்கு அவர் நாள் குறித்துக்கொண்டிருப்பார்.

பெரிய கட்டிகள் வெடிப்பது கற்பனை அல்ல. அடிபடாமலேயே சிறுநீரகத்தைச் சுற்றித் திடீரென ரத்தம் கொட்டுவதற்கு வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரை வைத்திருக்கிறார்கள், அவர் அதை விவரித்தது 1856-ல். (காய்ச்சல் இல்லாத உடம்புக்கு 37 டிகிரி என்ற கணக்கை நிலைநிறுத்தியவரும் இதே ஆள்தான்.) அப்படி ரத்தம் கொட்டுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று ஆஞ்சியோமையோலிபோமா. கர்ப்ப காலத்தில் இது வளரவும் வெடிக்கவும் வாய்ப்புக் கூடுதல். 4 செ.மீ. தாண்டினால் கவனி என்ற விதி 1986-ல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவலானது, இன்றைக்கு அதோடு உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்ப் புடைப்பு 5 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். ஆபத்தானது என்று தெரிந்தால் தொடை வழியாகவோ கை வழியாகவோ குழாய் விட்டு அந்த ரத்தக்குழாயை மட்டும் அடைத்துவிடலாம், சிறுநீரகத்தை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

நம்மவருக்கு 8 மி.மீ. அதுவும் நாலு வருடமாக 6, 7, 6, 7, 8. இது வளர்ச்சியே இல்லை, ஐந்து பேர் ஐந்து கோணத்தில் அளந்த வித்தியாசம். ஐந்து ரிப்போர்ட்டும் தப்பு என்றாலும் ஐந்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கட்டி நாலு வருடமாகப் பெரிதாகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அந்த மஞ்சப்பையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அவருக்குத்தான் அந்தப் பெருமை போக வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. ஆஞ்சியோமையோலிபோமா வருபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் என்ற மரபணு நோயின் பகுதியாக வரும். அப்போது பெரும்பாலும் இரண்டு பக்கச் சிறுநீரகத்திலும், பலவாக இருக்கும். மூக்கின் இரு பக்கமும் கன்னத்தில் பரு மாதிரிச் சிவந்த சின்னச் சின்ன மேடுகள், உடம்பில் வெளிறிய இலை வடிவத் திட்டுகள், நகக்கண்ணை ஒட்டிச் சதை முளைப்பு, சின்ன வயதில் வலிப்பு என்று தடயங்கள் இருக்கும். விளக்கைப் போட்டு முகம், முதுகு, கைவிரல், கால்விரல் எல்லாம் பார்த்தோம். குடும்பத்தில் வலிப்பு யாருக்கும் இல்லை. சி.டி.யில் நுரையீரலின் அடிப்பாகம் தெரிந்த வரையில் ஓட்டை ஓட்டையாக நீர்க்குமிழி போல ஒன்றும் இல்லை; பெண்களுக்கு இந்த நோயோடு நுரையீரல் பிரச்சினையும் வரும் என்பதால் அதையும் பார்ப்பது வழக்கம். இவருடையது தனியாக முளைத்த ஒற்றைக் கட்டி. டியூபரஸ் ஸ்கிலிரோசிஸோடு வரும் பெரிய கட்டிகளுக்கு 2012 முதல் எவரோலிமஸ் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டு, கட்டியைச் சுருக்க உதவுகிறது. இவருக்கு அது தேவையில்லை.

வலி? அது முதலிலிருந்தே முதுகுத் தசை வலிதான். யூராலஜிஸ்ட் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிட்டார். பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

இதே குழப்பத்தின் மறுமுனையை இங்கே சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் சி.டி. எடுத்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று யாராவது முடிவுக்கு வந்துவிடக்கூடாது. சி.டி.யும் கல் என்றே காட்டும் ஒரு கட்டி உண்டு. கைக்குழந்தைகளுக்கு வருவது, மிக மிக அரிது, உலகம் முழுக்கப் பதிவான குழந்தைகளை ஒரு பள்ளி வகுப்பறையில் உட்கார வைத்துவிடலாம். 1980-ல் அமெரிக்காவில் சாட்டன் என்பவரும் உடனிருந்தவர்களும் இரண்டு குழந்தைகளில் இதை முதலில் விவரித்தார்கள். சிறுநீரகத்துக்குள் எலும்பு மாதிரி முளைக்கிற கட்டி. பெரும்பாலும் ஆண் குழந்தைகள், இரண்டு வயதுக்குள், முதல் அறிகுறி சிறுநீரில் ரத்தம். தாய் துணி மாற்றும்போது சிவப்பாகப் பார்த்துப் பயந்து தூக்கிக்கொண்டு வருவார். எக்ஸ்ரே எடுத்தால் சிறுநீரகத்தின் கிண்ணங்களுக்குள் கிளை விரித்த மான்கொம்புக் கல் மாதிரி வெள்ளையாகத் தெரியும். அது உண்மையிலேயே கெட்டி, உண்மையிலேயே சுண்ணாம்பு, அல்ட்ராசவுண்டில் நிழலும் விழும். நான் மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆகிவிடும். ஆனால் கல் சிறுநீரில் சும்மா கிடக்கும். இது சிறுநீரகத்தின் உள்முனையில் காம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்கும். குழந்தையைப் புரட்டிப் படுக்க வைத்தாலும் இடம் மாறாது. இத்தனை சின்ன வயதில் அவ்வளவு பெரிய கல் வர உடம்பின் ரசாயனத்தில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும், அந்தப் பரிசோதனைகள் எல்லாம் சாதாரணமாக வந்தால் மருத்துவருக்குப் பொறி தட்ட வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் எலும்பாகும் திசு, சுற்றிலும் கதிர் வடிவச் செல்கள். புற்றல்ல, பரவாது. அந்தக் காலத்தில் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிட்டு அப்புறம் தெரிந்துகொண்டார்கள், இப்போது முன்கூட்டியே சந்தேகம் வந்தால் கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தை விட்டுவைக்க முடிகிறது.

இதைப் படித்துவிட்டு ‘என் ரிப்போர்ட்டில் இருக்கும் கல்லும் கல் இல்லையோ’ என்று கிளம்பிவிடாதீர்கள். கல் என்று எழுதப்படுவதில் பெரும்பாலானவை கல்தான், நூறு பேரை நிறுத்தினால் அதில் ஆஞ்சியோமையோலிபோமா ஒருவருக்குக்கூட இருக்காது. எதிர்ப் பக்கமும் ஒரு குழி இருக்கிறது. வெள்ளையாகத் தெரிந்த உடனே கொழுப்புக் கட்டி என்று அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்து முடிவு கட்டினால், சின்னச் சிறுநீரகப் புற்றுகளிலும் சில அதே வெள்ளையாகத் தெரியும். ஆஞ்சியோமையோலிபோமாவிலேயே சிலவற்றில் கொழுப்பு மிகக் குறைவு, சி.டி.யில் எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்காது, அங்கே எம்.ஆர்.ஐ., சில சமயம் ஊசி போட்டு எடுக்கும் திசுப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும். மெல்லிய வெட்டில் அந்த மைனஸ் 52 வராமல் இருந்திருந்தால் நானும் இவ்வளவு நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

என் வேலையில் இதற்கப்புறம் ஒன்றே ஒன்று மாறியது. பழைய ரிப்போர்ட்டை ஸ்கேன் முடிந்தபிறகுதான் கையில் வாங்குகிறேன். முதலில் நீட்டுபவர்களிடம், “மடியிலேயே வெச்சிருங்க, அப்புறம் பாக்கிறேன்” என்கிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பழைய ரிப்போர்ட் அவசியம், ஆனால் அதை முதலில் படித்துவிட்டால் கண் அதில் எழுதியிருப்பதைத்தான் தேடும். சில பேருக்கு இது எரிச்சல், டாக்டர் பழசை மதிப்பதில்லை என்று நினைக்கிறார்கள். இருக்கட்டும்.

அன்று அவருக்குக் கொடுத்த ரிப்போர்ட்டின் முதல் வரியில், முந்தைய ஸ்கேன்களில் கல் என்று குறிப்பிடப்பட்டது கல் அல்ல என்று எழுதி, அடியில் தேதியோடு என் பழைய ரிப்போர்ட்டையும் குறிப்பிட்டேன். “இங்கிலீஷ்ல இருந்தா எனக்குத் தெரியாதுங்க, தமிழ்லயும் ரெண்டு வரி எழுதிக் குடுங்க, நாளைக்கு வேற எங்கயாச்சும் போனா மறுபடி கல்லுன்னு சொல்லீருவாங்க” என்றார். லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தேன்: இது கல் அல்ல, கொழுப்பும் ரத்தக்குழாயும் கலந்த சாதாரணக் கட்டி, உடைக்கக் கூடாது.

இவ்வளவு சின்னக் கட்டிக்குத் தொடர்ந்து ஸ்கேன் எடுக்கத் தேவையே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. நான் ஒரு வருடம் கழித்து ஒரு தடவை வரச் சொல்லியிருந்தேன், போன மாதம் வந்தார். பையை நாற்காலியில் வைத்துவிட்டு நேராகக் கட்டிலில் ஏறிப் படுத்தார், ரிப்போர்ட்டை நீட்டவில்லை. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்த்தேன். 8 மி.மீ., நிழல் இல்லை, மாற்றம் இல்லை. கம்பெனியில் கேட்டு ஒரு உயரமான ஸ்டூல் வாங்கிவிட்டாராம், முதுகு வலி பாதி குறைந்துவிட்டதாம். ஜெல்லைத் துடைத்தபடி, தக்காளி சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

“அதெல்லாம் அன்னைக்கே ஆரம்பிச்சுட்டனுங்க. வாழத்தண்டு ஜூசுதான் விட முடியல, பழகிப்போச்சு.”